ஹெட்போனில் பொறித்த ஓம்: ஓர் எண்ணின் வரலாறு

ஹெட்போன்களின் பெட்டிகளிலும் விவரத்தாள்களிலும் இரண்டு எண்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. ஒன்று, ஓம் என்ற அலகில் தரப்படும் இம்பீடன்ஸ், அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டத்துக்கு ஹெட்போனின் கம்பிச்சுருள் காட்டும் மொத்த மின்னெதிர்ப்பு. மற்றொன்று, டெசிபெல் அலகில் தரப்படும் உணர்திறன், அதாவது குறிப்பிட்ட ஓர் அளவு மின்சாரத்தை ஊட்டும்போது செவியருகே எழும் ஒலியழுத்தத்தின் மட்டம். ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கும் என்பதை இரண்டாவது எண் ஏறத்தாழ நேரடியாகவே சொல்லிவிடுகிறது. முதல் எண் தனித்து நின்று எதையும் சொல்வதில்லை. ஆனால் புகழ் பெற்றதென்னவோ முதல் எண்தான். 32 ஓம் என்றால் எளிதில் ஒலிக்கும், 300 ஓம் என்றால் தனிப் பெருக்கி வேண்டும் என்பது இன்றைய கடைக்காரரும் வாங்குபவரும் ஒருமுகமாக நம்பும் செய்தி. சில பத்தாண்டுகளுக்கு முன் வரை இதற்கு நேர்மாறாக, ஓம் மிகுந்தால் ஒலியும் மிகும் என்பதே அதே கடைவீதியின் நம்பிக்கையாக இருந்தது. தத்தம் காலத்தின் மின்மூலங்களைப் பொறுத்தவரை இரண்டு நம்பிக்கைகளுக்கும் நியாயம் இருந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்த எண் 8000இலிருந்து 9 வரை ஏறியும் இறங்கியும் வந்திருப்பதற்கான காரணத்தை ஹெட்போனுக்குள் தேடுவதைவிட அதன் வடத்தின் மறுமுனையில் தேடுவதே பொருத்தம்.

தொலைபேசி தோன்றி பதினைந்து ஆண்டுகளில், 1891இல், பிரெஞ்சுப் பொறியாளர் எர்னஸ்ட் மெர்காடியே காதுக்குள் செருகத்தக்க சிறிய கேட்பான்களுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்றாலும், ஹெட்போனின் மின்னியல் குணங்களை உண்மையில் வடிவமைத்தது கம்பியில்லாத் தந்தியும் அதைத் தொடர்ந்து வந்த வானொலியும்தான். ஜகதீஷ் சந்திர போஸ் 1901இல் விண்ணப்பித்து 1904இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையில் கலீனா என்னும் ஈயக் கனிமத்தை மின்னலைகளை உணரும் கருவியாகப் பயன்படுத்தும் முறை விளக்கப்பட்டிருந்தது. கிரீன்லீஃப் விட்டியர் பிக்கார்ட் 1906இல் சிலிக்கன் படிகத்துக்கு அத்தகைய உரிமை பெற்றார். இந்த வழியில் பிறந்த படிக வானொலி என்ற எளிய பெட்டிக்கு மின்கலமும் இல்லை, பெருக்கியும் இல்லை. வான்கம்பி காற்றிலிருந்து பிடித்துத் தரும் மின்சாரம் மட்டுமே ஹெட்போனின் தகட்டை அசைத்தாக வேண்டும். அந்தத் திறனின் அளவு மைக்ரோவாட்களில், அதாவது வாட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகில், எண்ணப்படுவது. 1922 நவம்பரில் பிபிசி தன் அன்றாட ஒலிபரப்பைத் தொடங்கியபோதும், 1924 ஜூலை 31 அன்று சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒரு சிறு ஒலிபரப்பியைக் கொண்டு நிகழ்ச்சிகளை அனுப்பத் தொடங்கியபோதும், குறைந்த செலவில் வானொலி கேட்பதற்கு இருந்த வழி படிகப் பெட்டியும் ஹெட்போனுமே.

இந்தச் சூழலில் உயர்ந்த ஓம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கான விடை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மோரிட்ஸ் யாக்கோபி வகுத்த ஒரு விதியில் இருக்கிறது. ஒரு மின்மூலத்துக்கு உள்ளேயே ஓர் எதிர்ப்பு இருக்கும்போது, அதனுடன் இணைக்கப்படும் சுமையின் எதிர்ப்பும் அதே அளவுடையதாக இருந்தால்தான் மூலத்திலிருந்து மிக அதிகமான திறனைப் பெற முடியும் என்பது அவ்விதி. கலீனாப் படிகமும் அதனுடன் சேர்ந்த சுற்றும் ஆயிரக்கணக்கான ஓம்களைக் கொண்ட மூலமாக நின்றதால், எட்டு ஓம் ஹெட்போனை அதில் மாட்டினால் கிடைக்கவேண்டிய அற்பத் திறனிலும் பெரும்பகுதி படிகத்திலேயே வீணாகிவிடும்; 2000 அல்லது 4000 ஓம் ஹெட்போனோ அதை ஏற்றுக்கொள்ளும். ஆகவே மயிரிழையினும் மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றும் நுணுக்கத் தொழில் வளர்ந்தது. பிரிட்டனில் சிட்னி ஜார்ஜ் பிரவுனின் ஏ வகைக் கேட்பான்கள் 120 ஓமிலிருந்து 8000 ஓம் வரை வெவ்வேறு சுற்றுகளுடன் விற்கப்பட்டன. கேட்பவர் தன் மூலத்துக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் பொருள்.

அக்காலத்து ஓமுக்கும் இக்காலத்து ஓமுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு; அதை மறந்து பழைய ஹெட்போன்களை இன்றைய பெருக்கிகளுடன் ஒப்பிடுவோர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். 1920களின் கேட்பான்களில் பொறிக்கப்பட்டிருந்தது மின்தடை, அதாவது மின்கலத்தையும் அளவியையும் கொண்டு நேர்மின்னோட்டத்தில் அளந்த எதிர்ப்பு. இரும்பு உள்ளகத்தின் மேல் சுற்றப்பட்ட சுருளுக்கு மின்னோட்ட மாற்றத்தைத் தடுக்கும் தன்தூண்டல் என்ற இயல்பும் மிகுதியாக இருப்பதால், வினாடிக்கு ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டத்துக்கு அதே சுருள் காட்டும் எதிர்ப்பு பொறித்த எண்ணைப்போலப் பல மடங்காகிவிடும். தடை, தூண்டல் ஆகியவற்றின் கூட்டு விளைவுக்கு ஆலிவர் ஹெவிசைடு 1886இலேயே இம்பீடன்ஸ் என்ற பெயரைச் சூட்டியிருந்தும், கடைவீதி மின்தடையையே தொடர்ந்து பேசியது. அளப்பது எளிது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மின்தடை சுற்றுகளின் எண்ணிக்கைக்கு ஒரு மறைமுக அடையாளமாக மட்டுமே பயன்பட்டது. தடை மிகுந்த வேறோர் உலோகத்தின் கம்பியால் சுற்றினால் சுற்றுகளைக் கூட்டாமலேயே எண்ணை உயர்த்திவிடலாம் என்பதால் அந்த அடையாளமும் நம்பத்தக்கதாக இல்லை.

சுருளின் ஓம் மாறினால் ஹெட்போனின் அடிப்படைத் திறமை மாறுகிறதா என்ற வினாவுக்கு எளிய கணக்கு ஒன்று விடை தருகிறது. தகட்டை இழுக்கும் விசை, சுற்றுகளின் எண்ணிக்கையை மின்னோட்டத்தால் பெருக்கி வரும் ஆம்பியர்-சுற்று என்ற அளவைப் பொறுத்தது. ஒரே குழிக்குள், குறுக்குப் பரப்பில் பாதியே உள்ள மெல்லிய கம்பியைச் சுற்றினால் சுற்றுகள் இருமடங்காகும். கம்பியின் நீளம் இரட்டித்து, பரப்பு பாதியாவதால் தடை நான்கு மடங்காகும். ஊட்டும் திறனை மாற்றாமல் வைத்தால், நான்கு மடங்குத் தடையில் பாயும் மின்னோட்டம் பாதியாகக் குறையும். இரட்டித்த சுற்றும் பாதியான ஓட்டமும் பெருக்கப்படும்போது பழைய விசையே மீளக் கிடைக்கும். ஒரு மில்லிவாட் திறனுக்கு எவ்வளவு ஒலி என்ற கணக்கில், எனவே, ஓம் எண் எதையும் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அது நிர்ணயிப்பது அந்த மில்லிவாட்டை எந்த வடிவில் கேட்கிறது என்பதை: ஓம் குறைந்த சுருள் குறைந்த மின்னழுத்தத்தையும் மிகுந்த மின்னோட்டத்தையும் கேட்கிறது, ஓம் மிகுந்த சுருள் மிகுந்த மின்னழுத்தத்தையும் குறைந்த மின்னோட்டத்தையும் கேட்கிறது.

உணர்திறனை உயர்த்துவது வேறு வகைத் தொழில். அது காந்தத்திலும் இயக்கமுறையிலும் செய்யப்பட வேண்டியது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் தம் வீட்டுச் சமையலறையில் செய்த கேட்பான்களை 1910இல் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பிவைத்தபோது அதிகாரிகளை வியக்கவைத்தது இந்தத் திறமையே. அவருடைய அமைப்பில் ஒரு சிறு இரும்புத் துண்டு காந்த முனைகளுக்கு நடுவே இருபுறமும் சமன்பட்டு நின்று, மிகச் சிறிய மின்னோட்டத்துக்கும் அசைந்து, அந்த அசைவை ஒரு மைக்கா தகட்டுக்குக் கடத்தியது. சுருள்களில் ஒரு மைலுக்கும் மேற்பட்ட செப்புக் கம்பி இருந்தது. கடற்படை வாங்க விரும்பிய அளவுக்கு ஒரு சமையலறையால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பது அந்தக் கதையின் சுவையான பகுதி. இதே வழியில் வந்த கேட்பான்கள் பின்னாளில் மின்கலமே இல்லாமல், பேசுபவரின் குரல் பிறப்பிக்கும் மின்சாரத்தால் மட்டுமே இயங்கும் கப்பல் தொலைபேசிகளுக்குப் பயன்பட்டன. சமனிட்ட இரும்புத் துண்டு என்ற அந்தக் கருத்து காது கேட்புக் கருவிகள் வழியாக இன்றைய செவிச்செருகிகள் பலவற்றிலும் வாழ்கிறது.

ஒலியையும் திறனையும் ஒரே அளவுகோலில் கொண்டுவரும் வேலையைச் செய்தது வானொலி அன்று, தொலைபேசித் துறை. தொலைவு கூடக்கூடக் குரல் எவ்வளவு தேய்கிறது என்பதை முன்பு வழக்கமான வடத்தின் இத்தனை மைல் என்று கூறிவந்த பெல் நிறுவனப் பொறியாளர்கள், 1920களில் மடக்கை அடிப்படையிலான ஓர் அலகை வகுத்து, 1928இல் அதற்கு டெசிபெல் என்று பெயரிட்டனர். திறன் இருமடங்கானால் மட்டம் 3 டெசிபெல் உயரும். பத்து மடங்கானால் 10 டெசிபெல் உயரும். பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃபிளெட்சரும் வைல்டன் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வில், பல்வேறு அதிர்வெண்களில் மனிதச் செவி உரப்பை உணரும் விதத்தை ஹெட்போன்கள் வழியாகவே சோதித்திருந்தனர். பின்னர் உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1936இல் முன்வைத்த சோன் என்ற அலகைத் தொடர்ந்து, 10 டெசிபெல் உயர்வை மனிதர் ஏறத்தாழ இருமடங்கு உரப்பாக உணர்கிறார்கள் என்ற விதி நிலைபெற்றது. திறனைப் பத்து மடங்காக்கினால்தான் செவிக்கு இருமடங்கு தோன்றும் என்ற இந்தக் கஞ்சத்தனமான பரிமாற்ற விகிதமே, ஹெட்போன் பெருக்கிகளைப் பற்றிய வாதங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் உண்மை.

600 ஓம் என்ற எண்ணும் தொலைபேசியின் கொடைதான். கம்பங்களின் மேல் இணையாகச் செல்லும் இரண்டு செப்புக் கம்பிகள், அவற்றின் பருமனையும் இடைவெளியையும் பொறுத்து, ஏறத்தாழ அந்த அளவு இயல்பு எதிர்ப்பைக் காட்டின. நீண்ட வழித்தடத்தில் குரல் திரும்பி எதிரொலிக்காமல் இருக்க இரு முனைகளும் அதே எதிர்ப்பில் முடிய வேண்டியிருந்தது. தொலைபேசிக் கம்பிகள் வழியாகவே நிகழ்ச்சிகளை நிலையத்துக்கு நிலையம் அனுப்பிய அமெரிக்க வானொலி நிறுவனங்கள் 1939இல் பெல் ஆய்வகத்துடன் இணைந்து, 600 ஓம் சுமையில் ஒரு மில்லிவாட் என்பதைத் தங்கள் அடிப்படை அளவாக ஏற்றன. அந்தச் சுமையில் ஒரு மில்லிவாட்டைத் தரும் மின்னழுத்தம் 0.775 வோல்ட், ஒலிப்பதிவுக் கூடங்களின் அளவிகளில் இன்றும் இந்த எண் ஒளிந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானிகள் அணிந்த ஹெட்போன்களில் எச்எஸ்-23 என்பது 8000 ஓம், எச்எஸ்-33 என்பது 600 ஓம். படிகத்தின் காலமும் தொலைபேசிக் கம்பியின் காலமும் ஒரே படையில் ஒன்றாகப் பணியாற்றின என்று அதைக் கொள்ளலாம்.

இரும்புத் தகட்டை இழுக்கும் பழைய கேட்பான்கள் வினாடிக்கு ஆயிரம் அதிர்வை ஒட்டிய ஒரு குறுகிய பகுதியில் மட்டும் கூர்மையாக ஒலித்தன. மோர்ஸ் ஒலிக்கு அது நன்மை. இசைக்கு அது கேடு. 1937இல் பெர்லினில் ஆய்கன் பேயரின் நிறுவனம் வெளியிட்ட டிடி 48 என்னும் ஹெட்போனில், காந்த இடைவெளிக்குள் ஒரு மெல்லிய சுருளே தகட்டுடன் சேர்ந்து அசையும் முறை, அதாவது ஒலிபெருக்கிகளுக்கு அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே நிலைபெற்றுவிட்ட இயங்குசுருள் முறை, கையாளப்பட்டது. அசையும் சுருள் இலேசானதாக இருக்க வேண்டும் என்பதால் இரும்பின் மேல் மைல் கணக்கில் கம்பி சுற்றும் வழக்கம் இங்கே பொருந்தவில்லை. இசைக்குரிய தெளிவு கிடைத்தது. ஆனால் பழைய கூர்மையான உணர்திறனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தே அது கிடைத்தது. வால்வுகளைக் கொண்ட பெருக்கிகள் அதற்குள் எங்கும் வந்துவிட்டதால் அந்த இழப்பை யாரும் பெரிதாகக் கருதவில்லை.

ஜான் காஸ் 1958இல் மில்வாக்கியில் அறிமுகப்படுத்திய எஸ்பி/3 ஹெட்போன் ஸ்டீரியோ இசையை வீட்டில் தனியே கேட்கும் பழக்கத்தைப் பரப்பியது. அடுத்த இருபது ஆண்டுகளில் வீட்டுப் பெருக்கிகளின் முகப்பில் ஹெட்போனுக்கென ஒரு துளை இடம்பெற்றது. அந்தத் துளைக்குப் பின்னால் இருந்த சுற்று, ஹெட்போன்களின் வரலாற்றில் பேசப்படாமலே போன ஒரு முக்கியப் பாத்திரம். தயாரிப்பாளர்கள் ஹெட்போனுக்குத் தனிப் பெருக்கி எதையும் கட்டவில்லை. ஒலிபெருக்கிக்குச் செல்லும் மின்னழுத்தத்தையே சில நூறு ஓம் மின்தடை ஒன்றின் வழியாகத் துளைக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு ஓம் ஒலிபெருக்கிக்கு 50 வாட் தரும் பெருக்கி 20 வோல்ட்டைத் தரவல்லது. அதையும் 330 ஓம் மின்தடையையும் வைத்துக் கணக்கிட்டால், 8 ஓம் ஹெட்போனுக்கு 28 மில்லிவாட்டும், 32 ஓம் ஹெட்போனுக்கு 98 மில்லிவாட்டும், 600 ஓம் ஹெட்போனுக்கு 277 மில்லிவாட்டும், 2000 ஓம் ஹெட்போனுக்கு 147 மில்லிவாட்டும் கிடைக்கின்றன. ஓம் மிகுந்தால் ஒலிக்கக் கடினம் என்ற இன்றைய வாய்பாட்டை இந்த வரிசை தலைகீழாக்குகிறது.

ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968இல் வெளியிட்ட எச்டி 414 இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ளத்தக்கது. பின்புறம் திறந்த அமைப்பும் மஞ்சள் நுரைத் திண்டுகளும் கொண்டு ஒரு கோடிக்கு மேல் விற்ற அந்த ஹெட்போன் 2000 ஓம் எதிர்ப்புடையது. இன்றைய கைபேசியில் அதை மாட்டினால் முணுமுணுப்புதான் கேட்கும். ஆனால் அது பிறந்த காலத்தின் பெருக்கிகளிடம் மின்னழுத்தத்துக்குப் பஞ்சமே இருக்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடங்களும் வானொலி நிலையங்களும் உயர்ந்த ஓமையே விரும்பின என்பதற்குத் தனிக் காரணம் உண்டு: ஒரே பெருக்கியில் பத்துக் கலைஞர்களின் ஹெட்போன்களைப் பக்கவாட்டாக இணைக்கும்போது, 600 ஓம் வகையாக இருந்தால் மொத்தச் சுமை 60 ஓமாக நிற்கும், 32 ஓம் வகையாக இருந்தால் அது 3.2 ஓமாகச் சரிந்து பெருக்கியைத் திணறவைக்கும். வியன்னாவின் ஏகேஜி நிறுவனம் 1975இல் வெளியிட்ட கே240 600 ஓமாக இருந்ததும், காஸின் புரோ4ஏஏ 250 ஓமாக இருந்ததும் இத்தகைய பணியிடங்களுக்கு ஏற்பவே. பெருக்கியின் வழியில் நின்ற மின்தடையைப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையமும் ஏற்றுக்கொண்டு, ஹெட்போனுக்கான மூலத்தின் உள்ளெதிர்ப்பு 120 ஓம் என்று தன் தரநிலையில் எழுதிவைத்தது. சிக்கனத்துக்காகச் செருகிய ஓர் உதிரிப்பாகம் காலப்போக்கில் தரநிலையாக உயர்வது மின்னணுத் தொழிலில் புதிதன்று.

1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனியின் வாக்மேன், இந்த ஏற்பாடு முழுவதையும் புரட்டிப்போட்டது. அதன் மின்மூலம் இரண்டு சிறிய மின்கலங்கள், மொத்தம் 3 வோல்ட். அந்த அழுத்தத்தில் இயங்கும் ஒரு சாதாரணச் சுற்று மேலும் கீழும் ஒன்றரை வோல்ட் வரைதான் ஆட முடியும். இழப்பே இல்லை என்று தாராளமாகக் கொண்டாலும் அதன் பயனுறு மதிப்பு 1.06 வோல்ட்டைத் தாண்டாது. அந்த வோல்ட்டில் 2000 ஓம் ஹெட்போன் பெறுவது அரை மில்லிவாட்டை ஒட்டிய திறன். 600 ஓம் ஹெட்போன் பெறுவது 1.9 மில்லிவாட், 32 ஓம் ஹெட்போனோ 35 மில்லிவாட் பெறுகிறது. வோல்ட்டைக் கூட்ட வழியில்லாத இடத்தில் ஆம்பியரைக் கூட்டிக்கொள்வதற்கு ஓமைக் குறைப்பதே ஒரே வழியாக இருந்தது. இன்று எளிதில் ஒலிப்பதன் அடையாளமாகக் கருதப்படும் 32 ஓமை ஒட்டிய எண், இரண்டு மின்கலங்களின் வறுமைக்கு ஏற்பச் செய்துகொண்ட உடன்பாடு.

வாக்மேனுடன் வந்த ஹெட்போன் சுமார் 50 கிராம் எடையே கொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஹெட்போன்கள் பல 300 கிராமைத் தாண்டியவை. சமாரியம்-கோபால்ட் காந்தங்களும், 1980களின் முற்பகுதியில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவான நியோடிமியம் காந்தங்களும், சிறிய இடத்துக்குள் வலுவான காந்தப்புலத்தை அடைக்க வகைசெய்தன. ஓமைக் குறைப்பது மில்லிவாட்டைப் பெற்றுத்தந்தது; காந்தத்தை வலுப்படுத்துவது அந்த மில்லிவாட்டிலிருந்து கூடுதல் ஒலியை எடுத்தது. இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததால், குறைந்த ஓமே உரத்த ஒலிக்குக் காரணம் என்ற எண்ணம் பொதுமக்களிடம் உறைந்துவிட்டது. இரண்டு காரணங்களில் கண்ணுக்குத் தெரியும்படி பெட்டியில் அச்சாகியிருந்தது ஒன்றுதான்.

உணர்திறனைக் குறிக்கும் வழக்கமே இரண்டாகப் பிரிந்து கிடப்பது இந்தக் குழப்பத்தை வளர்த்தது. சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபெல் என்றும், வேறு சில ஒரு வோல்ட்டுக்கு இத்தனை டெசிபெல் என்றும் குறிக்கின்றன. அலகையே எழுதாமல் வெறும் டெசிபெல் என்று விடுவோரும் உண்டு. பேயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 990 ஹெட்போன் 32, 250, 600 ஓம் என்று மூன்று வகைச் சுருள்களில் விற்கப்பட்டபோது, மில்லிவாட் கணக்கில் அதன் உணர்திறன் 96 டெசிபெல் என்றே தரப்பட்டது. ஒரு வோல்ட் கணக்குக்கு மாற்றினால், ஒரு வோல்ட்டில் 32 ஓம் வகை 31 மில்லிவாட் பெறுவதால் 111 டெசிபெல் அளவுக்கு எட்டுகிறது. 600 ஓம் வகை 1.7 மில்லிவாட் மட்டுமே பெறுவதால் 98 டெசிபெல்லில் நின்றுவிடுகிறது. ஒலிக்குமிழை ஒரே இடத்தில் வைத்துக் கேட்பவருக்கு இந்த 13 டெசிபெல் வேறுபாடு இருமடங்குக்கும் மேலான உரப்பு வேறுபாடாகத் தோன்றும். வாங்குபவரின் கைபேசி தருவது ஏறத்தாழ மாறாத மின்னழுத்தம். ஆகவே அவருக்கு வேண்டியது வோல்ட் கணக்கு. தன் சுருளின் திறமையை எடுத்துக்காட்ட விரும்பும் பொறியாளருக்கு வேண்டியது மில்லிவாட் கணக்கு. விவரத்தாள்கள் பெரும்பாலும் பொறியாளர்களால் எழுதப்பட்டவை.

இந்த நூற்றாண்டில் வந்த சில ஹெட்போன்கள் பழைய வாய்பாட்டை வெளிப்படையாகவே உடைத்தன. மெல்லிய படலம் ஒன்றின் மேல் மின்கடத்திக் கோடுகளை வரைந்து, அதைக் காந்தங்களின் வரிசைக்கு முன்னால் அதிரவைக்கும் தளப்படல வகையைச் சேர்ந்த ஹைஃபைமேன் எச்இ-6 என்பதன் எதிர்ப்பு வெறும் 50 ஓம். உணர்திறனோ ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல். இசையின் உச்சங்களுக்கு 110 டெசிபெல் வேண்டும் என்று கொண்டால், 96 டெசிபெல் உணர்திறனுள்ள 600 ஓம் ஹெட்போனுக்கு 25 மில்லிவாட்டும் 3.9 வோல்ட்டும் போதும். எச்இ-6 கேட்பதோ ஏறத்தாழ 450 மில்லிவாட், 4.7 வோல்ட், 95 மில்லியாம்பியர். ஓமில் பன்னிரண்டில் ஒரு பங்காக இருக்கும் ஹெட்போன் திறனில் பதினெட்டு மடங்கு கேட்கிறது. எதிர்முனையில் ஷூர் நிறுவனத்தின் எஸ்இ846 செவிச்செருகி 9 ஓம் எதிர்ப்பும் மில்லிவாட்டுக்கு 114 டெசிபெல் உணர்திறனும் கொண்டது. அதே உச்சத்துக்கு அதற்கு அரை மில்லிவாட்டுக்கும் குறைவான திறனே வேண்டும். எச்இ-6க்கும் அதற்கும் உள்ள திறன் வேறுபாடு ஆயிரம் மடங்குக்கு மேல். இத்தகைய கூருணர்வு தனக்கே உரிய தொல்லையைக் கொண்டுவந்தது: பெருக்கியின் சுற்றுகளில் இயல்பாகவே எழும் மெல்லிய இரைச்சல்கூட அதில் கேட்டுவிடும் என்பதால், வலிமை மிகுந்த பெருக்கி அதற்குப் பகையாக முடியலாம்.

உரப்பு ஒருபுறமிருக்க, மூலத்தின் உள்ளெதிர்ப்பு ஒலியின் நிறத்தையே மாற்றவல்லது என்பதும் இக்காலத்தில்தான் பரவலாக உணரப்பட்டது. ஹெட்போனின் மின்னெதிர்ப்பு எல்லா அதிர்வெண்களிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 பெயரளவில் 300 ஓம் என்றாலும், தகடு இயல்பாக ஒத்ததிரும் தாழ்ந்த சுரங்களில் அது 500 ஓமைத் தாண்டுகிறது. 120 ஓம் மூலத்தில் அதை மாட்டினால், எதிர்ப்பு உயர்ந்த பகுதிக்கு மின்னழுத்தத்தில் கூடுதல் பங்கு கிடைத்து, தாழ்சுரங்கள் சற்றே பருத்துக் கேட்கும். மீட் கில்லியனின் எடிமோட்டிக் நிறுவனம் 1991இல் தொடங்கிய ஈஆர்-4 வரிசையில் இந்தக் குணம் திட்டமிட்டே பயன்படுத்தப்பட்டது: 27 ஓம் பி வகையுடன் 75 ஓம் மின்தடை கொண்ட ஓர் இடைவடத்தைச் சேர்த்தால் அது 100 ஓம் எஸ் வகையாகிவிடும், உரப்பு குறைந்து, உயர்சுரங்கள் மேலெழும்.

ஐரோப்பியச் சட்டங்கள் இந்த அளவுகளை வேறொரு நோக்கத்துக்காகக் கையிலெடுத்தன. கையடக்க இசைக்கருவிகள் 100 டெசிபெல்லுக்கு மேல் ஒலிக்கக்கூடாது என்று பிரான்ஸ் விதித்த வரம்பை மீறியதால் 2002இல் ஆப்பிளின் ஐபாட் அங்கே விற்பனையிலிருந்து விலக்கப்பட்டு, மென்பொருள் திருத்தத்துக்குப் பின்னரே மீண்டும் கடைக்கு வந்தது. கருவியும் ஹெட்போனும் ஒன்றாக விற்கப்பட்டால் வரம்பைச் சோதிப்பது எளிது. வாங்குபவர் ஒரு நிறுவனத்தின் கருவியில் வேறொரு நிறுவனத்தின் ஹெட்போனை மாட்டினால் என்ன செய்வது என்ற சிக்கலுக்கு, ஈஎன் 50332 என்ற ஐரோப்பியத் தரநிலையின் இரண்டாம் பகுதி 2003இல் ஒரு தீர்வு கண்டது. கருவி 150 மில்லிவோல்ட்டுக்கு மேல் தரக்கூடாது. ஹெட்போன் 94 டெசிபெல்லை எட்டுவதற்குக் குறைந்தது 75 மில்லிவோல்ட்டாவது கேட்க வேண்டும். மின்னழுத்தம் இருமடங்கானால் மட்டம் 6 டெசிபெல் உயரும் என்பதால், 75இலிருந்து 150க்குச் செல்லும்போது 94 சரியாக 100 ஆகிறது. கடைவீதி பல பத்தாண்டுகளாகச் சுமந்துவந்த ஓம் இந்தக் கணக்கில் எங்கும் தலைகாட்டவில்லை.

கம்பியில்லா ஹெட்போன்கள் பெருகியபின் பெருக்கி காதுக்கிண்ணத்துக்குள்ளேயே இடம்பெயர்ந்துவிட்டது. சுருளையும் அதை இயக்கும் பெருக்கியையும் ஒரே நிறுவனமே வடிவமைப்பதால், எந்த ஓமைத் தேர்ந்தாலும் அது வாங்குபவரின் கவலையாக இல்லாமல் போயிற்று. ஆயினும் வடத்தை மாட்டிக் கேட்கும் வசதி சில மாதிரிகளில் எஞ்சியிருப்பதால் விவரத்தாளில் அந்த எண்ணும் எஞ்சியிருக்கிறது. சோனி 2020இல் வெளியிட்ட டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 ஹெட்போனுக்கு அதன் தயாரிப்பாளர் இரண்டு மதிப்புகளைத் தருகிறார்: கருவியை அணைத்து வடத்தில் கேட்டால் 16 ஓம், மில்லிவாட்டுக்கு 101 டெசிபெல், இயக்கிக் கேட்டால் 40 ஓம், 105 டெசிபெல். முதல் இணை உண்மையான சுருளின் குணம். இரண்டாவது இணையில் வெளியிலிருந்து வரும் மின்சாரம் சந்திப்பது உள்ளிருக்கும் மின்னணுச் சுற்றின் நுழைவாயிலை மட்டுமே. சுருளை அசைக்கும் திறன் ஹெட்போனின் சொந்த மின்கலத்திலிருந்து வருகிறது.